கேள்வி – பதில்: கில்லெஸ்பி திருந்திவிட்டாரா?

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி): 1967இல் வெளியான ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ படத்தை அண்மையில் பார்த்தேன். மிஸ்ஸிஸிப்பியின் ஒரு சிற்றூரில், கறுப்பினத் துப்பறியும் அதிகாரியான டிப்ஸை முதலில் இழிவாக நடத்தும் காவல்துறைத் தலைவர் கில்லெஸ்பி, முடிவில் அவருடைய பெட்டியைச் சுமந்துகொண்டு ரயில் நிலையம் வரை வருகிறார். சில நாட்களுக்குள் ஒருவர் இப்படித் திருந்துவது நம்பும்படியாக இருக்கிறதா?

பதில்: உங்களுடைய ஐயம் பழையதுதான். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1976இல் வெளியிட்ட நூலொன்றில் அந்த ரயில் நிலையக் காட்சியை எடுத்துக்கொண்டு, பழைய ஹாலிவுட் படங்கள் முத்தத்தோடு முடியுமே, அந்த முத்தத்தின் இடத்தில்தான் இது வைக்கப்பட்டிருக்கிறது என்று சாடினார். அந்த ஒரு காட்சியைப் பொறுத்தவரை நானும் அவர் பக்கம்தான். ஆனால், அதற்கு முன்பு வரை கில்லெஸ்பி திருந்துவதாகப் படம் எங்கும் காட்டவில்லை. கொலையாளி யாரென்று தெரிந்தாக வேண்டும், தன் வேலையும் பறிபோகக் கூடாது. அவருடைய கவலை அவ்வளவே.

அவருக்குக் கொலை விசாரணை வராது என்பதை மறந்துவிடக் கூடாது. ரயிலுக்காகக் காத்திருந்த டிப்ஸைக் கறுப்பர் என்பதாலும் பணப்பையில் நிறையப் பணம் இருந்ததாலும் ரோந்துக் காவலர் சாம் உட் பிடித்துவர, கில்லெஸ்பி அவரையே கொலையாளி என்று எண்ணிவிடுகிறார். பிறகு இறந்தவரின் பணப்பையோடு ஓடிய ஓர் இளைஞனைப் பிடித்து அடைக்கிறார். அடித்தவன் வலதுகைக்காரன், இவனோ இடதுகைக்காரன் என்று டிப்ஸ்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக, தன் கீழ் வேலை பார்க்கும் சாம் உட்டையே கைது செய்கிறார். மூன்று முறையும் தவறான ஆள். டிப்ஸை அவர் நிறுத்தி வைத்துக்கொள்வதற்குக் காரணம் மனச்சாட்சி அன்று. இறந்தவர் அந்த ஊரில் தொழிற்சாலை கட்ட வந்த சிகாகோ முதலாளி, அவருடைய மனைவியோ டிப்ஸ் விசாரிக்காவிட்டால் தொழிற்சாலையே வராது என்று சொல்லிவிட்டார்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி, கில்லெஸ்பி தன் வீட்டில் டிப்ஸோடு குடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான். மனைவியில்லை, பிள்ளையில்லை, இந்த வீட்டுக்கு யாருமே வருவதில்லை என்று அவர் மனம் விட்டுப் பேசுகிறார். உனக்குத் தனிமையாக இல்லையா என்று அவர் கேட்க, உங்களைவிட அதிகமாக இல்லை என்று டிப்ஸ் சொன்னதுதான் தாமதம், கில்லெஸ்பியின் முகம் இறுகிவிடுகிறது. உன் இரக்கம் எனக்குத் தேவையில்லை என்று, பழைய வசைச்சொல்லையும் சேர்த்து வீசிவிடுகிறார். ஒரு கறுப்பர் தமக்கு உதவலாம். தம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. திருந்திய மனிதரிடமிருந்து இந்தச் சொல் வராது, ஆனால் இந்த மனிதரிடமிருந்து வரும். அதனால்தான் அவரை நம்ப முடிகிறது.

கில்லெஸ்பியாக நடித்த ராட் ஸ்டைகருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. டிப்ஸாக நடித்த சிட்னி பொய்ட்டியே பரிந்துரைப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. விருது விழாவோ, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதால் இரண்டு நாள் தள்ளி, 1968 ஏப்ரல் 10 அன்று நடந்தது.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்): இத்தகைய கதைகளில் காவலர் பெரும்பாலும் ஒரு சிற்றூரில்தான் இருக்கிறார். ஏன்?

பதில்: பெருநகரத்தில் அவர் சீருடைக்குள் மறைந்துகொள்ளலாம், சிற்றூரில் யாருடைய தயவில் அவர் பிழைக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் மாவட்டத்தின் தலைமைக் காவல் அதிகாரியான ஷெரீப், பெரும்பாலும் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படுபவர். ஊரின் காவல்துறைத் தலைவரையோ பெரும்பாலும் மேயரும் நகர மன்றமும்தான் அமர்த்துகிறார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன் மிஸ்ஸிஸிப்பியில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பர்களில் சுமார் 6.7 சதவீதம் பேரே பதிவு செய்திருந்தார்கள். வாக்கில்லாதவருக்கு ஷெரீப் எதற்காகப் பதில் சொல்ல வேண்டும்? 1964இல் அந்த மாநிலத்தின் ஃபிலடெல்ஃபியா என்னும் ஊருக்கருகே கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய மூவர் கொல்லப்பட்ட வழக்கில், துணை ஷெரீப்பே 1967இல் தண்டனை பெற்றார்.

படத்தில் பண்ணையார் எண்டிகாட் டிப்ஸை அறைய, டிப்ஸ் அக்கணமே திருப்பி அறைகிறார். இதற்கு என்ன செய்யப் போகிறீர் என்று எண்டிகாட் கேட்கும்போது, தெரியவில்லை என்பதுதான் கில்லெஸ்பியின் பதில். முந்தைய தலைவராக இருந்தால் அந்த நொடியே சுட்டிருப்பார் என்று பிறகு மேயர் அவரிடம் நினைவூட்டுகிறார். அந்த ‘தெரியவில்லை’ என்ற சொல்லில் இருப்பது வீரம் அன்று, தயக்கம். சுட்டே பழகிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தயங்கியதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி (புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்): ஜான் பால் எழுதி 1965இல் வெளிவந்த மூல நாவலைத் தமிழில் பெயர்க்க முயன்று வருகிறேன். டிப்ஸைக் கில்லெஸ்பி ‘நீ’ என்பாரா, ‘நீங்கள்’ என்பாரா?

பதில்: ஆங்கிலத்தில் இந்தப் பிரச்சினை பிரதிப்பெயரில் இல்லை, பெயரில் இருக்கிறது. அன்றைய தென்மாநிலங்களில் எத்தனை வயதான கறுப்பரையும் வெள்ளையர் முதற்பெயரிட்டோ, பையா என்றோதான் அழைத்தார்கள். ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ எல்லாம் தங்களுக்கு மட்டும். 1963இல் அலபாமாவின் கேட்ஸ்டன் நீதிமன்றத்தில் மேரி ஹாமில்ட்டன் என்ற கறுப்பினப் பெண், தம்மை ‘மிஸ் ஹாமில்ட்டன்’ என்று அழைத்தாலொழியப் பதில் சொல்ல மாட்டேன் என்று மறுத்ததற்காக, நீதிமன்ற அவமதிப்பென்று தண்டிக்கப்பட்டார். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. டிப்ஸ் தம்மை ‘மிஸ்டர் டிப்ஸ்’ என்று சொல்லிக்கொள்ளும் இடத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் படியுங்கள். ‘திரு’ என்று பெயர்த்தால் அந்தச் சூடு ஆறிவிடும், ‘மிஸ்டர்’ என்றே விட்டுவிடலாம்.

கில்லெஸ்பிக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ‘நீ’யையே கொடுங்கள். கடைசி அத்தியாயத்தில் ‘நீங்கள்’ என்று மாற்றும் ஆசை வரும். பல மொழிபெயர்ப்புகளில் இப்படித் திடீர் மரியாதை முளைத்து, பாத்திரம் நாடக மேடையேறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: கைதியையும் ‘நீ’ என்கிறோம், நெருங்கிய நண்பனையும் ‘நீ’ என்கிறோம். பிடிபட்ட இரவில் டிப்ஸை விசாரிக்கும்போது வரும் அதே ஒருமை, ரயிலடியில் ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று வரட்டும். அது எந்த ‘நீ’ என்று படிப்பவரே முடிவு செய்துகொள்வார்.