வெள்ளி கொடுத்து வாங்கிய காலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிளகு வணிகம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதை ஒட்டி ஒரு சந்தேகம். போர்ச்சுகல் நம் தமிழ்நாட்டைவிடச் சின்ன நாடு, ஹாலந்து அதைவிடச் சின்னது. இவர்கள் விரல்விட்டு எண்ணும் கப்பல்களில் வந்து உலக வணிகத்தையே எப்படி வளைத்தார்கள்? எங்கள் ஊர் முத்துக்குளித்துறைகூட முதலில் போர்ச்சுகீசியர் கைக்கும், 1658-ல் டச்சுக்காரர் கைக்கும் போனது. நான் படித்த பள்ளிப் புத்தகத்தில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதும் அடுத்த பக்கத்திலேயே பிளாசிப் போர் வந்துவிடும். நடுவில் இருக்கிற இரண்டரை நூற்றாண்டில் என்னதான் நடந்தது? அவர்களிடம் பீரங்கி இருந்தது, நம்மிடம் இல்லை, அவ்வளவுதானா? நம் ராஜாக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களா?

செ., தூத்துக்குடி

அன்புள்ள செ.,

நீங்கள் சொல்கிற அந்த இரண்டரை நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் ஆசியாவில் பெரும்பாலும் வாடிக்கையாளர்களாகத்தான் இருந்தார்கள். காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் மற்றக் கேள்விகள் பாதி கரைந்துவிடும்.

முதலில் கோழிக்கோடு. 1498-ல் கோழிக்கோட்டு அரசரான சாமூதிரிக்கு ட காமா எடுத்து வைத்த காணிக்கையின் பட்டியலை அந்தப் பயணத்தில் இருந்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கோடு போட்ட துணி பன்னிரண்டு துண்டு, சிவப்புக் குல்லாய் நான்கு, தொப்பி ஆறு, பவளச் சரம் நான்கு, கைகழுவும் கிண்ணங்கள் ஆறு கொண்ட ஒரு பெட்டி, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெய் இரண்டு பீப்பாய், தேன் இரண்டு பீப்பாய். அதிகாரிகள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மக்காவிலிருந்து வருகிற பரம ஏழை வியாபாரிகூட இதைவிட நல்லதாகக் கொடுப்பான், கொடுப்பதென்றால் தங்கமாகக் கொடு என்றார்கள். இந்தியாவுக்கு வந்து சர்க்கரையைக் காணிக்கை வைத்த ஆளை வேறென்ன செய்வது!

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். ஐரோப்பாவின் நிஜமான சங்கடம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்கு மிளகும் ஜாதிக்காயும் பட்டும் பருத்தித் துணியும் வேண்டும். பதிலுக்குக் கொடுக்க அவர்களிடம் உருப்படியாக ஒன்றும் இல்லை. கம்பளித் துணியைச் சோழமண்டலக் கரையின் சித்திரை வெயிலில் யார் வாங்குவார்கள்?

போர்ச்சுகீசியர் இதற்குக் கண்ட வழி பீரங்கி. 1510-ல் கோவா, 1511-ல் மலாக்கா, 1515-ல் ஹோர்முஸ் என்று துறைமுகங்களைப் பிடித்தார்கள். கடலில் போகிற கப்பல் தங்களிடம் பணம் கட்டி ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல் என்றார்கள். தெருமுனையில் நின்று மாமூல் வசூலிக்கிற வேலைதான் இது. மாமூல் வாங்குகிறவன் கடைக்கு முதலாளி ஆகிவிடுவதில்லை. செங்கடல் வாசலில் இருக்கும் ஏடனை 1513-ல் அவர்களால் பிடிக்க முடியவில்லை. சில பத்தாண்டுகளிலேயே மிளகு பழையபடி செங்கடல் வழியாக வெனிஸுக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

நிலைமையை மாற்றியது ஆசியாவில் நடந்த எந்தப் போரும் இல்லை. தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவில், 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் பொட்டோசியில் 1545-ல் ஸ்பானியர்களுக்கு ஒரு வெள்ளி மலை கிடைத்தது. செர்ரோ ரீக்கோ, பணக்கார மலை என்று பெயர். சில பத்தாண்டுகளில், பயிர் பச்சை சரியாக விளையாத அந்தக் குளிர் மேட்டில் ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊர் எழுந்தது. அன்றைய லண்டனோடு ஒப்பிடக்கூடிய ஊர்.

அந்த வெள்ளி எப்படி வெளியே வந்தது என்பதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. 1570-களில், பொட்டோசியையும் சேர்த்து ஆண்ட பெருவின் ஸ்பானிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தே தொலேதோ இரண்டு காரியம் செய்தார். தாதுவிலிருந்து பாதரசத்தைக் கொண்டு வெள்ளி பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பாதரசம் பெருவிலேயே ஹுவாங்காவெலிக்காவில் கிடைத்தது. அடுத்தது ‘மீத்தா’. இன்கா அரசர்கள் காலத்து முறை வேலையை எடுத்துச் சுரங்கத்துக்குத் திருப்பினார். குறிப்பிட்ட மாகாணங்களில் வயது வந்த ஆண்களில் ஏழில் ஒருவர் பொட்டோசிக்கு வந்தாக வேண்டும். வருடத்துக்குச் சுமார் 13,000 பேர். பெண்டு பிள்ளைகளோடும் லாமாக்களோடும் வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். உள்ளே தோலைத் திரித்துக் கட்டிய ஏணி, குறுக்கே மரப்படிகள். முதுகில் தாது மூட்டை. முன்னால் ஏறுகிறவனின் கட்டைவிரலில் மெழுகுவர்த்தி கட்டியிருக்கும், ஏனென்றால் இரண்டு கையும் ஏணிக்கு வேண்டும். வெளியே அரைத்த தாதுவையும் பாதரசத்தையும் வெறுங்காலால் மிதித்துக் கலந்தார்கள்.

1500-க்கும் 1800-க்கும் இடையில் உலகத்தில் எடுக்கப்பட்ட வெள்ளியில் 80 சதவீதத்துக்கு மேல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்று பொருளாதார வரலாற்றாளர்கள் கணிக்கிறார்கள். அதில் பெரும்பங்கு சுற்றிச் சுற்றி ஆசியாவுக்கு வந்து சேர்ந்தது. காரணம் சீனா. மிங் அரசு பல வரிகளை ஒன்றாக்கி அதை வெள்ளியில் கட்டச் சொன்னது. அத்தனை பெரிய நாடு வரி கட்ட வெள்ளி தேடினால் விலை என்ன ஆகும்? ஐரோப்பாவில் ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் பன்னிரண்டு பங்கு வெள்ளி கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், சீனாவில் ஆறு பங்கு போதும். வெள்ளியை அங்கே கொண்டுபோய் இறக்கினாலே லாபம்.

1571-ல் ஸ்பானியர் மணிலாவில் நகரம் அமைத்ததும் குறுக்கு வழியும் கிடைத்தது. மெக்சிகோவின் அக்கபுல்கோவிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி வெள்ளி நேராக மணிலாவுக்கு. தென்சீனக் கரையின் பூஜியனிலிருந்து சீனக் கப்பல்கள் பட்டும் பீங்கானும் அங்கே. இந்தக் கப்பல் போக்குவரத்து 1815 வரை நடந்தது. ஸ்பானியருக்குச் சீனர்கள் இல்லாமலும் முடியாது, அவர்களைக் கண்டால் பயமும் தீராது. 1603-ல் மணிலாவில் சுமார் 20,000 சீனர்களைக் கொன்றார்கள். அப்புறமும் சீனக் கப்பல்கள் வந்தன. வெள்ளி அங்கேதானே இருந்தது.

சரி, நம் பக்கம் வருவோம். 1602-ல் தொடங்கிய டச்சுக் கம்பெனி, இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் மொலுக்காஸ் தீவுகளுக்குக் கிராம்பு வாங்கப் போனபோது அங்கே உள்ளவர்கள் கேட்டது துணி. அதிலும் குஜராத் துணி, சோழமண்டலத் துணி. சோழமண்டலக் கரை மொலுக்காஸின் இடது கை, அந்தத் துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரம் செத்துவிடும் என்று ஹென்றிக் பிரவுவர் என்ற டச்சு அதிகாரி 1612-ல் எழுதினார். அதனால்தான் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். தெற்கே புழங்கியது தங்க வராகன். பின்னாளில் ஜப்பானியத் தங்கத்தைக்கூட இங்கே கொண்டுவந்து, நெசவாளிக்குப் போகும் முன்பணத்துக்கான காசாக மாற்றினார்கள். அந்த முன்பணமும் நேராகத் தறிக்குப் போகவில்லை. நடுவில் மலையா என்று டச்சு ஆவணங்கள் சொல்லும் அச்சுதப்ப செட்டியும் அவர் தம்பி சின்னண்ண செட்டியும் போன்ற பெருந்தரகர்கள் இருந்தார்கள். டச்சுக்காரருக்குத் துணி பிடித்துக் கொடுத்தார்கள், சொந்தக் கப்பலும் விட்டார்கள், அரசர்களிடம் வரிக் குத்தகையும் எடுத்தார்கள். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கீழக்கரைச் சீதக்காதியும் கப்பல் வணிகர்தான். வெள்ளைக்காரன் வந்ததும் நம் வணிகம் படுத்துவிட்டது என்ற படம் பதினேழாம் நூற்றாண்டுக்குப் பொருந்தாது.

காசு கொடுத்து வாங்கினார்கள் என்றதும் சாதுக்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரே வலுவான அரசு இல்லாத இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குப் பாண்டா தீவுகள் இருக்கின்றன. அன்றைக்கு உலகத்தில் ஜாதிக்காய் விளைந்தது அங்கே மட்டும். பாண்டா மக்கள் தங்கள் சரக்கைத் தங்களுக்குப் பிடித்தவர்களுக்கெல்லாம் விற்றார்கள். 1621-ல் டச்சுக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸ்ஸோன் கூன் படையோடு வந்தார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை, கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வாள்வீரர்களைக் கொண்டு வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஓராயிரம் சொச்சம். காலியான தோட்டங்களைப் பங்கு போட்டு, அடிமைகளை வைத்து ஜாதிக்காய் பறித்தார்கள். அடிமைச் சந்தையில் நம் கரைக்கும் பங்கு உண்டு. 1659-61 தஞ்சைப் பஞ்சத்தில் சோற்றுக்கு விற்கப்பட்டவர்களை டச்சுக்காரர் கப்பல் ஏற்றினார்கள்.

ராஜாக்கள் தூங்கினார்களா என்று கேட்டீர்கள். 1686-ல் இங்கிலீஷ் கம்பெனி, அதன் தலைவர் ஜோசியா சைல்டின் திமிரில், ஔரங்கசீப்போடு சண்டைக்குப் போனது. முகலாயர் பக்கம் நின்ற கடற்படைத் தலைவர் சித்தி யாகூப் பம்பாயை முற்றுகையிட்டார். 1690-ல் கம்பெனித் தூதர்கள் கைகளைக் கட்டியபடி பாதுஷாவின் முன் விழுந்து மன்னிப்புக் கேட்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டினார்கள். 1662-ல் தைவானில் டச்சுக் கோட்டையைச் சீனத் தளபதி கோக்ஸிங்கா பிடித்தார். உங்களுக்குப் பக்கத்துக் குளச்சலில் 1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்தார். அதில் சிறைப்பட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருப்பார்கள். போய்ப் பாருங்கள். பீரங்கி நம்மிடம் இல்லை என்பதும் உண்மை இல்லை. கடலில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. கரையேறினால் அந்த மேல்கை நிற்கவில்லை.

முகலாயர் ஏன் பெரிய கடற்படை கட்டவில்லை என்றால், அவர்கள் வருமானம் நிலவரியில் இருந்தது. அந்த வரி வெள்ளி ரூபாயில் வந்தது. ரூபாய் அடிக்க வெள்ளி வேண்டும், அதை அந்நியர்கள் தாங்களே கப்பலில் ஏற்றி சூரத்துக்குக் கொண்டுவந்து நாணயசாலையில் இறக்கிவிட்டுத் துணி வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்படிப்பட்ட வியாபாரியை எந்த அரசன் விரட்டுவான்? லண்டனில்தான், கம்பெனி நாட்டின் வெள்ளியையெல்லாம் கிழக்கே கொட்டுகிறது என்று கூச்சல். கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான தாமஸ் மன் அதற்குப் பதில் சொல்லிப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது.

ஆகவே என் கணக்கில் ட காமா வந்த 1498-ஐவிடவும், பிளாசிப் போர் நடந்த 1757-ஐவிடவும் பெரிய ஆண்டு 1765. பக்சாரில் கம்பெனிப் படையிடம் தோற்ற பாதுஷா ஷா ஆலம், ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய்க்கு வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானி உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். வரி வசூல் கம்பெனி கைக்கு வந்தது. அதன்பின் வங்காளத்துத் துணி வாங்க லண்டனிலிருந்து வெள்ளி அனுப்புவது ஏறக்குறைய நின்றுபோனது. வங்காளத்துக் குடியானவன் கட்டிய வரியிலேயே வங்காளத்து நெசவாளியின் துணியை வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். ஐந்தே வருடத்தில் 1770 பஞ்சம் வந்தபோதும் வரி வசூல் தளரவில்லை.

இந்த வித்தை சீனாவில் செல்லவில்லை. அங்கே தேயிலைக்கு வெள்ளி எண்ணிக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மாற்றாகப் பின்னாளில் உதவியது, 1773-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கம்பெனியின் ஏகபோகம் ஆக்கிய வங்காள, பீகார் அபினி. அபினிக் கதை நீளமானது, இந்தக் கடிதத்தில் அடங்காது. தனியாக எழுதுகிறேன்.