கமர்ஷியல் பைலட் ஆக ஆசையா? அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்தேன், கண்ணாடி போட்டிருக்கிறேன். கமர்ஷியல் பைலட் ஆக முடியுமா? என்ன தகுதி, என்ன பயிற்சி, எவ்வளவு செலவாகும்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

முடியும் தம்பி. காமர்ஸும் தடையில்லை, கண்ணாடியும் தடையில்லை. இடிக்கக்கூடியவை மெடிக்கலும் பணமும்தான். அந்த இரண்டையும் முதலில் பாருங்கள். நம் ஊரில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அட்மிஷன் போட்டு, அட்வான்ஸ் கட்டி, வெள்ளைச் சட்டையில் ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்த பிறகுதான் மெடிக்கலுக்கே போகிறார்கள்.

நான் பைலட் இல்லை. என் மகள் ஒரு விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக, இருக்கிறாள். படித்ததும் பறந்ததும் அவள். படிவம் நிரப்பியதும் பேங்குக்கு அலைந்ததும் நான். அதனால் இந்தப் பதிலில் காகிதமும் காசும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

இந்தியாவில் உரிமம் கொடுப்பது டிஜிசிஏ என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். கமர்ஷியல் பைலட் லைசென்சுக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, 18 வயது ஆகியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் பாஸாகியிருக்க வேண்டும். டிகிரி தேவையில்லை. மாணவர் பைலட் உரிமத்தை 16 வயதிலேயே எடுக்கலாம். உங்களைப் போல காமர்ஸ் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸில் இந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள். இந்த அறிவியல் நிபந்தனையையே எடுத்துவிடலாம் என்ற பேச்சு 2025இல் எழுந்தது. அதை நம்பிக் காத்திருக்காமல் எழுதிவிடுங்கள். இயற்பியல் தெரியாமல் உள்ளே போனால் பின்னால் வரும் தேர்வுகளில் திணறுவீர்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு தலைவலி, இனிஷியல். மார்க் ஷீட்டில் "எஸ்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். டிஜிசிஏவின் இணையதளத்தில் பதிவு செய்யும்போது எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பிளஸ் டூ சான்றிதழ் உண்மையானது என்று தேர்வு வாரியத்திடமிருந்து சரிபார்ப்பும் வாங்க வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் இழுக்கும். இப்போதே தொடங்கிவிடுங்கள்.

சரி, மெடிக்கல். முதலில் கிளாஸ் 2 என்ற ஆரம்பநிலைப் பரிசோதனை. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்கள் பார்ப்பார்கள். அது முடிந்ததும் கிளாஸ் 1 என்ற கடுமையான பரிசோதனை. சிபிஎல்லுக்கு இது இல்லாமல் முடியாது. ரத்தம், சிறுநீர், இசிஜி, காது கேட்கும் திறன், கண் என்று தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். கண்ணாடி போட்டுப் பார்வை சரியாகிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள். பவருக்கு வரம்பு உண்டு. பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. லேசர் செய்துகொள்ளலாமா என்று யோசித்தால், செய்வதற்கு முன்பே டிஜிசிஏ மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது நிறக்குருட்டுத் தன்மைக்குத்தான். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள். பலருக்குத் தங்களுக்கு அந்தக் குறை இருப்பதே அந்த அறையில்தான் தெரியவரும். ஏன் இவ்வளவு கறார் என்றால், ஓடுபாதை ஓரத்தில் பாப்பி என்ற நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பாகத் தெரிந்தால் சரியான சரிவில் இறங்குகிறீர்கள் என்று பொருள். நான்கும் சிவப்பென்றால் அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிட்டீர்கள். அங்கே சிவப்பையும் வெள்ளையையும் குழப்பிக்கொள்ள முடியாது. உங்கள் ஊர்க் கண் மருத்துவரிடமே அந்த அட்டைகளைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடலாம். பெரிய செலவில்லை.

அடுத்து எழுத்துத் தேர்வுகள். ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், ஓட்டப்போகும் விமானத்துக்கான டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். கேள்விகளை மனப்பாடம் செய்து பாஸாகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தவர்கள் பிறகு விமான நிறுவனங்களின் வேலைத் தேர்வில் மாட்டிக்கொள்வதை மகளின் நண்பர்களிடமே பார்த்தேன். கூடவே ஆர்டிஆர் என்ற வானொலித் தொடர்புத் தேர்வு. முன்பு இதைத் தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் டிஜிசிஏவுக்கு மாற்றிவிட்டது. இதில் வாய்மொழிப் பகுதி உண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதுபோலப் பேசிக் காட்ட வேண்டும், நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது என்பார்கள், "மேடே" மூன்று முறை சொல்லித் தொடங்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்குத்தான் நடுங்குகிறார்கள். பேச வேண்டிய சொற்றொடர்கள் எல்லாம் வரையறுத்தவை. வீட்டில் சத்தம் போட்டுப் பழகினால் வந்துவிடும். என் மகள் துணி காயப்போடும்போதுகூட டவரோடு பேசிக்கொண்டுதான் இருப்பாள்.

இந்தத் தேர்வுகளில் முடிந்த அளவு பறக்கும் பயிற்சிக்கு முன்பே எழுதிவிடுங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. பயிற்சிப் பள்ளியில் தங்கிக்கொண்டு ஹாஸ்டல் வாடகையும் கொடுத்துப் படிப்பது வீண் செலவு.

பறப்பதில் மொத்தம் 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பைலட் இன் கமாண்டாகப் பறந்திருக்க வேண்டும். 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் பறக்கும் கிராஸ் கன்ட்ரி; அதில் ஒரு பயணமாவது 300 நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறி. 5 மணி நேரம் இரவில். 10 மணி நேரம் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி. ரேட்டிங் என்பது உரிமத்தோடு சேரும் கூடுதல் தகுதி. விமான நிறுவனங்கள் எதிர்பார்க்கும், கருவிகளை நம்பிப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கும் இரட்டை எஞ்சின் ரேட்டிங்குக்கும் தனியாக மணிக்கணக்கு உண்டு.

மகளைப் பார்க்க ஒருமுறை பயிற்சி மைதானத்துக்குப் போயிருந்தேன். செஸ்னா 172 ஒன்றின் இறக்கைக்கு அடியில் குனிந்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை அழுத்திப் பெட்ரோல் பிடித்தாள். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். இளநீலமாக இருக்க வேண்டும். அடியில் நீர் முத்தாக நின்றால் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். இரண்டு இறக்கையிலும், பிறகு எஞ்சினுக்குக் கீழும். ஒவ்வொரு நாளும் முதல் முறை பறக்கும் முன்பும், பெட்ரோல் நிரப்பிய ஒவ்வொரு முறையும் இது உண்டு. வீட்டில் கேஸை அணைத்தோமா என்றுகூடப் பார்க்காத பெண் அவள்!

இனிப் பறக்கும் பயிற்சிப் பள்ளி. விளம்பரத்தில் எல்லாரும் ஒரு வருடத்தில் முடிப்பதாகத்தான் சொல்வார்கள். நடப்பில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் நிறைய. விமானம் பழுதாகி நிற்கும், பயிற்றுநர் வேலை மாறிப் போய்விடுவார், வடக்கே குளிர்கால மூடுபனியில் பார்வைத் தூரம் 5 கிலோமீட்டருக்குக் குறைந்தால் பறக்க விடமாட்டார்கள், மழைக்காலமும் சேர்ந்துகொள்ளும். டிஜிசிஏ 2025 அக்டோபரில் முதன்முறையாகப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியபோது உயர்ந்த பிரிவுகளில் ஒரு பள்ளிகூட வரவில்லை. அரசுப் பள்ளி வேண்டுமென்றால் உத்தரப்பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் உள்ள இக்ருவா இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எங்கே போனாலும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பேசாதீர்கள். ஹேங்கருக்குப் போய் எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். வெளியே டீக்கடையில் நிற்கும் சீனியர் மாணவரிடம், சேர்ந்து எத்தனை மாதம், பறந்தது எத்தனை மணி என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை என்று எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டிலும் படிக்கலாம், அமெரிக்காவில் வேகமாக முடியும். ஆனால் திரும்பி வந்து இங்கே டிஜிசிஏ தேர்வு எழுதி உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

செலவு? சிபிஎல் வரைக்கும் இன்றைய நிலவரத்தில் 45 முதல் 60 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, தங்குவது தனி. அதோடு முடியாது. ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங்குக்கு இன்னும் 15 லட்சத்துக்கு மேல் ஆகும். விமான நிறுவனங்களே ஆளெடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டங்கள் ஒரு கோடியைத் தொடும். அதற்கு ஈடாக வேலைக்கு வழி கொஞ்சம் தெளிவாக இருக்கும். கையில் பணம் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

பலர் கணக்கில் எடுக்காதது சிபிஎல் வாங்கிய பிறகு வேலைக்காகக் காத்திருக்கும் காலம். அப்போது சம்பளம் இருக்காது. ஆனால் மெடிக்கலை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் காலாவதியாகும், அதற்கு மறுபடி பறந்து காட்ட வேண்டும், பேங்க் வட்டியும் ஓடும். எனவே ஒரு வருடக் காத்திருப்புச் செலவையும் சேர்த்துத்தான் அப்பாவிடம் தொகையைச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய கடனுக்குப் பேங்க் சொத்து ஈடு கேட்கும். இருப்பது ஒரே வீடு என்றால் அதை வைக்க வேண்டாம் என்பேன். முதலில் தபாலிலோ மாலைக் கல்லூரியிலோ ஒரு டிகிரியும் ஒரு வேலையும் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று வருடம் கழித்துப் போங்கள். 25 வயதில் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கேப்டன் ஆவதற்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், 65 வயது வரை ஓட்டலாம். காலம் இருக்கிறது.

கிளாஸ் 2 முடிவு வந்ததும் கமென்டில் சொல்லுங்கள். மகளிடம் கேட்டு, எந்தத் தேர்வை முதலில் எழுதலாம் என்று சொல்கிறேன்.