வறுமையிலிருந்து ஆய்வகத்துக்கு: கேள்வி பதில்

கேள்வி: வறுமைதான் விஞ்ஞானியை உருவாக்குகிறது என்று மேடைதோறும் பேசுகிறார்களே, அது உண்மையா ஐயா?

பதில்: இல்லை. அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடே கிடையாது. விண்மீன்களின் நிறமாலையை விளக்க உதவிய அயனியாக்கச் சமன்பாட்டை 1920இல் வெளியிட்ட மேகநாத் சாகா, சிறுகடைக்காரர் ஒருவரின் மகன். தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்கச் சொந்த ஊரில் வழியில்லாத நிலையில், ஒரு மருத்துவர் தம் வீட்டில் தங்க இடமும் உணவும் கொடுத்ததால்தான் அவருடைய படிப்பு தொடர்ந்தது. இத்தகைய வரலாறுகளில் உழைத்தவரைப் பாராட்டும் நாம், கைகொடுத்தவரை மறந்துவிடுகிறோம்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் நான். எனக்காகப் பேராசிரியர்களிடம் பரிந்துரைக்க யாருமில்லை. என்ன செய்வது?

பதில்: கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர். 1812இல் அக்கடையின் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த நுழைவுச் சீட்டால் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டவர், குறிப்புகளைப் படங்களோடு விரித்தெழுதி, பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பிவைத்தார். டேவியிடம் ஆய்வக வேலை உடனே கிடைத்துவிடவில்லை; 1813 மார்ச்சில், உதவியாளர் இடம் காலியான பிறகே கிடைத்தது. ஆனால் அதற்குள் அவருடைய திறமை டேவியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நீங்களும் ஒரே மின்னஞ்சலைப் பலருக்கும் அனுப்பாமல், ஒருவருடைய கட்டுரை ஒன்றை முழுமையாகப் படித்து, அதன் தரவு வெளியிடப்பட்டிருந்தால் அதைக் கொண்டு ஒரு வரைபடத்தை நீங்களே வரைந்து பார்த்து, எங்கே பொருந்தவில்லை என்பதை நான்கு வரிகளில் கேளுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து நினைவூட்டலாம்.

கேள்வி: பள்ளியில் எங்களுக்குக் கணித ஆசிரியரே இல்லை. இருபது வயதுக்கு மேல் அடித்தளத்தைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். போர்க்கால இத்தாலியின் தெருக்களில் அலைந்து திரிந்த மாரியோ கபெக்கி, ஒன்பது வயதில் அமெரிக்கா சென்றபோது எழுதப் படிக்கத் தெரியாதவர். 2007இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்னமோ இயற்கணிதமோ, இழை எங்கே அறுந்ததோ அங்கிருந்தே தொடங்குங்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வெட்கப்படுபவர்கள்தான் பின்னர் நுண்கணிதத்தில் திணறுகிறார்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் என் பின்னணியை எல்லோரிடமும் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நெறியாளரிடம் மட்டும், பணம் குறுக்கிடும் இடங்களில் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நான் முனைவர் பட்டத்தை நினைக்கலாமா?

பதில்: நினைக்கலாம், சற்றுத் தள்ளிப்போடவும் செய்யலாம். மேரி கியூரி, தம் அக்காவின் மருத்துவப் படிப்புக்கு உதவுவதற்காகச் சில ஆண்டுகள் பணக்கார வீடுகளில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1891இல்தான் பாரிசுக்குப் படிக்கப் போனார். உதவித்தொகை எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆண்டுகளுக்கு, மாதந்தோறும் தவறாமல் வருகிறதா என்பதையும் நீங்கள் சேர நினைக்கும் நிறுவனத்தில் ஏற்கெனவே படிப்பவர்களிடம் கேட்ட பிறகு சேருங்கள். கருத்தரங்குக்குப் போகும்போது கைப்பணத்தைச் செலவழித்துவிட்டுப் பிறகு ரசீது கொடுத்துப் பெற்றுக்கொள்ளச் சொல்வார்கள்; சேமிப்பு இல்லாதவர்கள் அந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் பின்வாங்குகிறார்கள். முன்பணம் தர முடியுமா, பயணச்சீட்டை நிறுவனமே எடுத்துத் தருமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.