72 ஷெவர்லே சி10: எச்இஐ மாட்டியும் ஸ்பார்க் இல்லை

ப்ரோ, உங்க 1972 சி10 டிரக்கில் எச்இஐ (பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டர்) மாட்டி, பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், உள்ளே சுத்துற ரோட்டார் மாத்தியும் ஸ்பார்க் வரலைன்னா இனி பாகம் வாங்காதீங்க, மீட்டரை எடுங்க.

முதல்ல கேப்பில் 'பேட்' (BAT, பேட்டரி கரண்ட் வர்ற) முனைக்கு வர்ற வயரைப் பாருங்க. அந்த வருஷ வண்டியில் பாயின்ட்டுக்கான (பழைய இக்னிஷனில் கரண்ட்டை வெட்டி விடும் சுவிட்ச்) ரெசிஸ்டன்ஸ் வயர், அதாவது வோல்டேஜைக் குறைக்கும் வயர் இருக்கும். எச்இஐக்கு அது ஆகாது, முழு 12 வோல்ட் வேணும். வெறுமனே அளந்தா அதுவும் 12 காட்டி ஏமாத்தும். ஒரு 21 வாட் பிரேக் பல்பை லோடா வச்சு அளங்க. 9 பக்கம் இறங்கினா வயரை மாத்துங்க.

அது சரின்னா அடுத்து பிக்கப் காயில், அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் சுத்துறதை உணர்ந்து சிக்னல் தரும் சுருள். மாட்யூலில் (அந்த சிக்னலை வாங்கி ஸ்பார்க்கை இயக்கும் எலக்ட்ரானிக் பாகம்) இருந்து பச்சை, வெள்ளை வயரைக் கழற்றி, ரெண்டுக்கும் நடுவே அளந்தா 500–1500 ஓம் வரணும், பாடியோட தொடர்பே கூடாது. அளக்கும்போதே வேக்கம் அட்வான்ஸை (எஞ்சின் வேக்கத்தால் ஸ்பார்க் நேரத்தை மாத்தும் பாகம்) அசைங்க. அது நகர்த்தும் பிக்கப் தட்டு ஆடி ஆடி, வயர் உறைக்குள்ளேயே கம்பி அறுந்திருக்கலாம். வெளியே பார்த்தா நல்லாத்தான் தெரியும். ரீடிங் குதிச்சா பிக்கப் காயில் போச்சு.

குதிக்கலைன்னா மாட்யூல் மேல சந்தேகம். மாத்தும்போது அடியில் ஹீட்சிங்க் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) தடவாம விட்டா, சூட்டில் புதுசும் போயிடும்.