1980இல் வெள்ளி விலை ஏன் அப்படிச் சரிந்தது?
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நீங்கள் கேட்டதற்கு ஒரே சொல்லில் பதில்: கடன். அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டாலர் அளவில் இருந்த விலை, 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. முன்பணம் மட்டும் கட்டி, மீதியைக் கடனாக வைத்து வாங்கியதுதான் அதில் ஏராளம். அந்த மாதமே நியூயார்க் சந்தை வெள்ளி வாங்குவதற்கான விதியை இறுக்கியது. விலை இறங்க இறங்க, இன்னும் பணம் கட்டச் சொல்லித் தரகர்கள் நெருக்கினார்கள். மார்ச் கடைசியில் ஹன்ட் சகோதரர்களால் கட்ட முடியவில்லை. 27ஆம் தேதி விலை 11 டாலருக்கும் கீழே போனது. கடனே வாங்காமல் கூலிக்குக் கொலுசு செய்கிறவரும் இப்படிப்பட்ட ஆட்டத்தில் அடிபடுவார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

2008இல் அமெரிக்க வீட்டுக்கடனிலும் ஏறக்குறைய இதே கதைதான். வாங்கிய பொருளே கடனுக்கு ஈடு. அதன் மதிப்பு குறைந்தால் விற்றாக வேண்டும். எல்லோரும் விற்றால் விலை இன்னும் விழும்.