கூடலூர் மரம்: ஈட்டியா, வேங்கையா?

வணக்கம் நண்பரே. நீலகிரி மாவட்டக் கூடலூரில் தாத்தா நிலத்தில் நிற்கும் மரத்தை வியாபாரி 'வேங்கைதான், வெட்டிக்கலாம்' என்கிறார், பக்கத்துத் தோட்டக்காரரோ ஈட்டி (ரோஸ்வுட்) என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள்.

இலையை மட்டும் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். இரண்டிலுமே காம்புக்கு 5 முதல் 7 சிற்றிலைகள், மாறி மாறி அமைந்திருக்கும். நுனியும் மழுங்கியோ லேசாகப் பிளந்தோ இருக்கும். அதனால் மரத்தடியில் காய்ந்த காய் கிடக்கிறதா தேடுங்கள். வேங்கைக் காய் அப்பளம் மாதிரி வட்டம்; சுற்றிலும் இறக்கை, நடுவில் விதை புடைத்திருக்கும். ஈட்டிக் காய் நீளவாக்கில் தட்டையாக, ஒன்று முதல் நான்கு விதைகளோடு இருக்கும். பூ மஞ்சள் என்றால் வேங்கை, வெண்மை என்றால் ஈட்டி. வேங்கைப் பட்டையில் காயம் பட்டால் ரத்தம் போலப் பிசின் வடியும். இதைச் சோதிக்க அரிவாளைத் தூக்கிவிடாதீர்கள், பழைய காயத்தில் உறைந்திருப்பதே போதும்.

வியாபாரி சொன்னது எப்படியும் தவறு. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரிக்கும் பொருந்தும்; வேங்கையாகவே இருந்தாலும் அனுமதி வேண்டும். ஈட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். அதை அழியும் ஆபத்துள்ள மரமாகப் பட்டியலிட்டிருக்கிறது. 2017 ஜனவரி முதல் ஈட்டியும் அதன் நெருங்கிய உறவு மரங்களும் அடங்கிய பேரினம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. முன்பணம் எதுவும் வாங்காமல், காய், இலை, பட்டைப் படங்களோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள்.

ஈட்டி என்று உறுதியானால், சுற்றிலும் களை வெட்டும்போது பார்த்து வெட்டச் சொல்லுங்கள். வேரிலிருந்தே கன்று கிளம்பும் மரம் அது.