அம்மாவுக்கு இனிப்பு நீரால் (சர்க்கரை நோயால்) விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது. கண் ஸ்கேனில் தடிமன் 331 மைக்ரான் இருந்தது, கண்ணில் ஊசி போட்ட பிறகு 338 ஆகிவிட்டது. ஊசி வேலை செய்யவில்லையா?

இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சுங்கை சிப்புட்டிலிருந்து முதல் தடவை ஈப்போவுக்குப் போய் சிர்ரஸ் மெஷினில் எடுத்தோம், ஊசிக்குப் பின் தைப்பிங்கில் ஸ்பெக்ட்ராலிஸில் எடுத்தோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

இரண்டுமே ஓசிடிதான், அதாவது ஒளியை வைத்து விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் மெஷின். ஆனால் விழித்திரையின் அடிக்கோட்டை சிர்ரஸ் நிறமி அடுக்கில் போடும், ஸ்பெக்ட்ராலிஸ் அதற்கும் கீழே புரூக் சவ்வில் போடும். ஒரே கண்ணை ஒரே நாளில் அளந்தாலும் ஸ்பெக்ட்ராலிஸில் சுமார் 15 மைக்ரான் கூடத்தான் வரும். அதனால்தான் நீர் கோத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் வரம்பும் மெஷினுக்கு மெஷின் மாறுகிறது: பெண்களுக்கு சிர்ரஸில் 290, ஸ்பெக்ட்ராலிஸில் 305, ஆண்களுக்கு 305, 320. அம்மாவின் 338 ஏறத்தாழ சிர்ரஸ் 323. பத்து சதவீதத்துக்குள் வரும் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் மாற்றமாகவே எடுப்பதில்லை. ஆக இந்த எண்ணை வைத்து நீர் ஏறியதாகவும் சொல்ல முடியாது, வற்றியதாகவும் சொல்ல முடியாது. ஒரே ஊசியில் வற்றாதது சகஜம். ஆரம்பத்தில் மாதாமாதம் சில ஊசி போடுவதுதான் வழக்கம்.

'டாக்டர் இருக்க நீ யார்?' என்று கேட்க வருகிறவர்களுக்கு: ஊசி வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் தாளைப் படிப்பது பற்றி மட்டும்தான்.

அந்த எண் நடுவில் உள்ள 1 மில்லிமீட்டர் வட்டத்தின் சராசரி. பார்வை மங்கியவர் மெஷினுக்குள் தெரியும் புள்ளியை நேராகப் பார்க்காமல் கண்ணை நகர்த்தினால் வட்டம் விழித்திரையின் நடுவில் உள்ள குழிப்பள்ளத்தை விட்டு விலகிவிடும், எண்ணும் பொய்யாகும். அடுத்து சிக்னல், அதாவது படத்தின் தரத்தைக் காட்டும் எண்ணைப் பாருங்கள்: சிர்ரஸில் பத்துக்கு ஆறாவது வேண்டும், ஸ்பெக்ட்ராலிஸில் கியூ மதிப்பு 15க்குக் கீழே இறங்கக்கூடாது. கண்புரை, காய்ந்த கண் இரண்டும் சிக்னலைக் கெடுக்கும். காய்ந்த கண்ணுக்கு ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டு, இமைக்கச் சொல்லி எடுத்தால் தெளிவாகிவிடும். கொழுப்புப் படிவு இருக்கும் இடத்தில் அதன் நிழல் விழுந்து, மெஷின் போடும் கோடு மேலும் கீழும் குதிக்கும். குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தால் உடனே தெரியும். பல இடங்களில் தடிமனை நிறத்தில் காட்டும் கலர் மேப்பை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் இது எதுவும் தெரியாது. குறுக்குவெட்டையும் கேட்டு வாங்குங்கள்.

நேரமும் முக்கியம். நீர் கோத்த விழித்திரை காலையில் தடித்து, மாலைக்குள் கொஞ்சம் வடியும்.

தடிமன் குறைந்தால் பார்வை அதே அளவு திரும்பிவிடும் என்றும் இல்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நடுவில் நீர் இருந்தும் 6/7.5 (கிட்டத்தட்ட இயல்பான பார்வை) அல்லது அதைவிட நன்றாகப் பார்த்தவர்களுக்கு, உடனே ஊசி போட்டாலும், கண்காணித்துப் பார்வை இறங்கினால் போட்டாலும், இரண்டு வருடத்தில் பார்வை இழப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எழுத்துப் பலகையில் அம்மா எத்தனை வரி படித்தார் என்பதையும் ஒவ்வொரு தடவையும் குறித்து வையுங்கள்.

இரண்டு கண்ணிலும் தடிமன் சேர்ந்து ஏறினால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.  

இனி ஒரே இடத்தில், ஒரே மெஷினில் எடுங்கள். ஸ்பெக்ட்ராலிஸ் என்றால் 'ஃபாலோ அப்' முறையில் எடுக்கச் சொல்லுங்கள். ரத்தக்குழாய் அமைப்பை வைத்துப் பழைய இடத்திலேயே ஸ்கேன் விழும்.